கட்டிய பணம் எந்த ஏட்டில் ஏறும்? அமெரிக்கக் கடன் தீர்ப்புகளும் கிரெடிட் ரிப்போர்ட்டும்

அமெரிக்காவில் கிரெடிட் கார்டு பாக்கிக்காகவோ மருத்துவமனை பில்லுக்காகவோ ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, இவ்வளவு டாலரை அவர் கட்டியாக வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டால், அந்தத் தொகையைக் கட்டி முடித்த மறுமாதமே தம் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட் சுத்தமாகிவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். கட்டினாலும் கட்டாவிட்டாலும் தீர்ப்பு ஏழு ஆண்டுகள் ரிப்போர்ட்டில் நிற்கும், ஆகவே அவசரப்பட வேண்டாம் என்று வேறு சிலர் அறிவுரை சொல்கிறார்கள். இந்த இரண்டு கருத்துகளும் ஒரு காலத்து நிலைமையிலிருந்து பிறந்தவை. அந்தக் காலம் 2017 ஜூலை 1 அன்று முடிந்துபோனது. அந்த நாளில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளால், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்களின் நுகர்வோர் அறிக்கைகளிலிருந்து சிவில் தீர்ப்புகள் மறைந்துவிட்டன. ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு பதிவைப் பணம் கட்டி நீக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. அப்படியானால் கட்டுகிற பணம் எதைத்தான் மாற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரே கடன் இரண்டு வெவ்வேறு ஏடுகளில் பதிவாகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று கடன் தகவல் நிறுவனங்களின் ஏடு. மற்றது நீதிமன்றத்தின் ஏடு. ஒன்றில் நடப்பது மற்றொன்றில் தானாக ஏறுவதில்லை.

முந்தைய ஏற்பாட்டுக்கு அடித்தளம் 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம். எந்தப் பாதகமான தகவலை எத்தனை ஆண்டுகள் அறிக்கையில் காட்டலாம் என்பதற்கு அச்சட்டத்தின் 605ஆம் பிரிவு வரம்பு விதிக்கிறது. சிவில் தீர்ப்பு என்றால் அது பதிவான நாளிலிருந்து ஏழு ஆண்டுகள், அல்லது அந்தத் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்வதற்கான காலவரையறை முடியும் வரை, இவற்றில் எது நீண்டதோ அதுவரை காட்டலாம். தீர்ப்புத் தொகை கட்டப்பட்டதா இல்லையா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் முழுத் தொகையையும் கட்டியவருக்கும் ஒரு சென்ட்கூடக் கட்டாதவருக்கும் கடிகாரம் ஒரே நாளில்தான் ஓடத் தொடங்கியது. கட்டியவருக்குக் கிடைத்ததெல்லாம் அந்தப் பதிவின் அருகில் ‘தீர்க்கப்பட்டது’ என்று ஒரு குறிப்பு. வீட்டுக் கடன் கொடுக்கும் அதிகாரி அறிக்கையைக் கண்ணால் படிக்கும்போது அந்தக் குறிப்புக்கு மதிப்பு இருந்தது. அறிக்கையை வைத்துக் கடன் மதிப்பெண்ணை, அதாவது கிரெடிட் ஸ்கோரைக் கணக்கிடும் சூத்திரத்திலோ அந்த அளவுக்கு இல்லை. ‘கட்டினால் சுத்தமாகும்’ என்ற நம்பிக்கை அன்றைக்கே பிழையானது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தீர்ப்புகள் அறிக்கையிலிருந்து வெளியேறியது கடனாளிகள்மேல் யாரோ இரக்கப்பட்டதால் நேர்ந்ததென்று நினைத்தால் தவறு. அந்தத் தகவல்களின் தரம் அவ்வளவு மோசமாக இருந்தது. கடன் கொடுத்த வங்கிகள் தாமே மாதந்தோறும் கணக்கு விவரங்களை அனுப்புகின்றன. நீதிமன்றங்கள் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. ஒப்பந்தக்காரர்கள் மாவட்ட நீதிமன்றங்களின் பதிவேடுகளிலிருந்து தீர்ப்புகளைத் திரட்டி விற்றார்கள். அடையாளத் திருட்டு பெருகியதால், பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் பிறந்த தேதியையும் மறைக்கும் வழக்கம் நீதிமன்றங்களில் பரவியது. எஞ்சியது பெயரும் சில சமயம் முகவரியும் மட்டுமே. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர் வைக்கும் குடும்பங்களில் தந்தைமேல் வந்த தீர்ப்பு மகனின் அறிக்கையில் ஏறியது. தந்தையின் பெயரைக் கடைசிப் பெயராக எழுதுவதா, இனிஷியலை எங்கே வைப்பது என்று படிவத்துக்குப் படிவம் திணறும் தமிழர்களுக்கு, பெயரை மட்டும் வைத்து ஆளைப் பொருத்துவதில் எவ்வளவு தவறு நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமான குறை ஒன்றும் இருந்தது. தீர்ப்பு வழங்கப்பட்ட செய்தி அறிக்கைக்கு விரைந்து வந்துசேர்ந்தது; அது தீர்க்கப்பட்ட செய்தியோ, ரத்து செய்யப்பட்ட செய்தியோ வருவதற்குத் தாமதமாயிற்று, சில சமயம் வரவே இல்லை. கட்டி முடித்த கடன் கட்டாத கடனாகவே ஆண்டுக்கணக்கில் காட்டப்பட்டது. விர்ஜினியா மாநிலத்தில் இதை முன்வைத்துக் கூட்டு வழக்குகளும் தொடரப்பட்டன. இப்படிப்பட்ட புகார்களின் பின்னணியில், 2015 மார்ச்சில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த எரிக் ஷ்னைடர்மனுடனும், அதே ஆண்டு மே மாதம் ஒஹாயோவின் மைக் டிவைன் முன்னின்று நடத்திய 31 மாநிலங்களின் கூட்டணியுடனும் மூன்று நிறுவனங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி, பொதுப் பதிவேட்டுத் தகவல் எதுவானாலும் அதில் பெயர், முகவரி ஆகியவற்றோடு சோஷியல் செக்யூரிட்டி எண் அல்லது பிறந்த தேதி இருக்க வேண்டும். குறைந்தது 90 நாளுக்கு ஒருமுறை நீதிமன்றப் பதிவேட்டோடு ஒப்பிட்டு அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். 2017 ஜூலையில் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது தீர்ப்புகளில் ஏறக்குறைய எதுவுமே தேறவில்லை. அரசு வரிப் பாக்கிக்காகப் போடும் வில்லங்கங்களில் ஒரு பாதி அப்போது தப்பின. 2018 ஏப்ரலில் அவையும் நீக்கப்பட்டன. இன்று பொதுப் பதிவேட்டிலிருந்து இந்த அறிக்கைகளுக்கு வரும் தகவல் திவால் மனு ஒன்றுதான்.

ஒரு நுட்பம் இங்கே முக்கியமானது. 605ஆம் பிரிவு திருத்தப்படவில்லை. தீர்ப்புகளைக் காட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடை விதிக்கவில்லை. தரம் இல்லை என்பதால் மூன்று நிறுவனங்கள் அவற்றை விட்டுவிட்டன, அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு எழுதுகிறவர்கள் இன்றும் ‘ஏழு ஆண்டுகள்’ என்று எழுதுவதன் காரணம் இதுவே.

தீர்ப்புகள் மறைந்ததும் மக்களின் மதிப்பெண்கள் வானளாவ உயர்ந்திருக்கும் என்று தோன்றலாம். இந்த மதிப்பெண்ணுக்கான சூத்திரங்களை வகுக்கும் ஃபைக்கோ நிறுவனம் முன்கூட்டியே போட்ட மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 1.2 கோடிப் பேரின் அறிக்கையிலிருந்து தீர்ப்போ வரி வில்லங்கமோ நீங்கவிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதிர்பார்க்கப்பட்ட உயர்வு 20 புள்ளிகளுக்கும் குறைவு. நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2018இல் வெளியிட்ட ஆய்வும் மதிப்பெண்களில் பெரிய மாற்றமில்லை என்றே கண்டது. காரணம் எளியது. தீர்ப்பு என்பது ஒரு கடன் கெட்டுப்போன கதையின் கடைசி அத்தியாயம். முந்தைய அத்தியாயங்கள் எல்லாம் அறிக்கையில் அப்படியே இருக்கின்றன.

அந்த அத்தியாயங்களைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் தீர்ப்புத் தொகையைக் கட்டுவதால் அறிக்கையில் ஏதேனும் மாறுமானால் அது அங்கேதான் மாறும். கிரெடிட் கார்டு தவணை தவறினால் 30, 60, 90 நாள் தாமதம் என்று வரிசையாகப் பதிவாகும். 180 நாள் கடந்தால் வங்கி அதை வாராக்கடன் என்று எழுதித்தள்ளியாக வேண்டும். ‘சார்ஜ் ஆஃப்’ என்பது இதுதான். கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. உண்மையில் அது வங்கியின் கணக்குப் புத்தகம் சம்பந்தப்பட்ட செயல் மட்டுமே. கடனாளி தர வேண்டியது தர வேண்டியதாகவே நிற்கும். பிறகு வங்கி அந்தக் கடனை வாராக்கடன்களை விலைக்கு வாங்கும் ஒரு நிறுவனத்துக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிடக்கூடும். அப்போது வங்கியின் பழைய பதிவு ‘விற்கப்பட்டது, பாக்கி பூஜ்யம்’ என்று மாறி நிற்க, வாங்கிய நிறுவனத்தின் பெயரில் ‘கலெக்‌ஷன்’ என்ற புதிய பதிவு முளைக்கும். வழக்குப் போடுவது பெரும்பாலும் இந்தப் புதிய நிறுவனம்தான். ஆக, தீர்ப்பு வரும்போதே ஒரு கடனுக்கு இரண்டு வடுக்கள் அறிக்கையில் இருக்கும்.

இந்த வடுக்களின் ஆயுளுக்கும் தீர்ப்புக்கும் தொடர்பில்லை. முதன்முதலில் தவணை தவறி, பிறகு சீராகவே ஆகாமல் போன அந்த நாளை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 180 நாள் கழித்து ஏழு ஆண்டுகள் என்று சட்டம் கணக்கிடுகிறது. கடன் கைமாறினாலும், வழக்குத் தொடர்ந்தாலும், தீர்ப்பு வந்தாலும், பாதியைக் கட்டினாலும், முழுவதையும் கட்டினாலும் இந்த நாள் நகராது. நகர்த்திக் காட்டுவது சட்டமீறல். பணம் கட்டினால் கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்கிவிடுமோ என்று அஞ்சிக் கட்டாமல் இருப்பவர்கள் உண்டு. அறிக்கையைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு இடமில்லை. வழக்குத் தொடர்வதற்கான காலவரையறை சில மாநிலங்களில் சிறு தொகை கட்டினாலே புதுப்பிக்கப்படும் என்பது உண்மை. அந்த விதி இந்த விஷயத்தோடு குழம்பியதால் வந்த அச்சம் அது.

தொகையைக் கட்டியதும் பதிவு எப்படி மாற வேண்டும் என்பதில் ஐயமில்லை. தகவல் தரும் நிறுவனம் தன் தகவலைச் சரியாகவும் நிகழ்நிலையிலும் வைத்திருக்கக் கடமைப்பட்டது. ஆகவே கலெக்‌ஷன் பதிவில் பாக்கி பூஜ்யமாகி, ‘கட்டப்பட்டது’ என்றோ, குறைத்துப் பேசி முடித்திருந்தால் ‘முழுத் தொகைக்கும் குறைவாகத் தீர்க்கப்பட்டது’ என்றோ வர வேண்டும். இந்த மாற்றத்தால் மதிப்பெண் உயருமா என்பது கடன் கொடுப்பவர் எந்த மதிப்பெண் சூத்திரத்தை, அதாவது எந்த மாதிரியைப் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. நீண்ட நாளாகப் பரவலாகப் புழங்கும் ஃபைக்கோ 8, மூலத்தொகை 100 டாலருக்குக் குறைவான கலெக்‌ஷன்களைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேற்பட்டவற்றில் கட்டியதையும் கட்டாததையும் ஒரே தட்டில் வைக்கிறது. 2014இல் வந்த ஃபைக்கோ 9, அதற்குப் பிந்தைய ஃபைக்கோ 10, வான்டேஜ்ஸ்கோர் 3.0, 4.0 ஆகியவை கட்டி முடித்த கலெக்‌ஷனைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரே மனிதர் ஒரே நாளில் ஒரு வங்கியில் உயர்ந்தும் மற்றொரு வங்கியில் அசையாமலும் நிற்பது இதனால்தான். வீட்டுக் கடன் சந்தையோ இவற்றையெல்லாம் விடப் பழைய ஃபைக்கோ மாதிரிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2022 அக்டோபரில்தான் ஃபைக்கோ 10டி, வான்டேஜ்ஸ்கோர் 4.0 ஆகியவற்றுக்கு மத்தியக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது.

மருத்துவக் கடன் மட்டும் இதற்கு விலக்கு. கட்டி முடித்த மருத்துவ கலெக்‌ஷன்களை மூன்று நிறுவனங்களும் 2022 ஜூலை முதல் அறிக்கையிலிருந்தே நீக்கிவிடுகின்றன. 500 டாலருக்கு உட்பட்டவை 2023 ஏப்ரல் முதல் கட்டாவிட்டாலும் இடம்பெறுவதில்லை. ஆகவே தீர்ப்பு ஒரு மருத்துவமனை பில்லுக்காக வந்திருந்து, அந்த பில் கலெக்‌ஷனாக அறிக்கையில் நின்றிருந்தால், அதைக் கட்டுவது உண்மையிலேயே ஒரு கறையைத் துடைக்கும். கட்டினால் சுத்தமாகும் என்ற பழைய நம்பிக்கை முழுமையாகப் பலிக்கும் இடம் இது.

இனி மற்றோர் ஏட்டுக்கு வருவோம். கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு: நியூயார்க்கில் ஒருவர் 2019 மார்ச்சில் தவணை தவறுகிறார், 2021இல் வழக்கு, 2022 மே மாதம் 4,000 டாலருக்குத் தீர்ப்பு. அறிக்கையில் அவருடைய வடுக்கள் 2026 செப்டம்பரோடு மறைந்துவிட வேண்டும். தீர்ப்போ நியூயார்க் சட்டப்படி 20 ஆண்டுகள், அதாவது 2042 வரை உயிரோடு இருக்கும். 2026க்குப் பிறகு அவர் அதைக் கட்டினால் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஓர் எழுத்துகூட மாறாது, மாறுவதற்கு அங்கே எதுவும் இருக்காது. கட்டாமல் விட்டால் நீதிமன்ற ஏட்டில் வட்டி வளர்ந்துகொண்டே போகும். நியூயார்க்கில் தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி முன்பு ஆண்டுக்கு 9 சதவீதமாக இருந்தது. நுகர்வோர் கடன்களுக்கு 2022 ஏப்ரல் 30 முதல் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இந்த 4,000 டாலருக்குப் பழைய விகிதத்தில் ஆண்டுக்கு 360 டாலர், புதிய விகிதத்தில் 80 டாலர். 20 ஆண்டுகளில் 7,200 டாலருக்கும் 1,600 டாலருக்கும் உள்ள வேறுபாடு அது. கலிபோர்னியாவில் தீர்ப்பின் ஆயுள் 10 ஆண்டுகள், புதுப்பித்துக்கொள்ளலாம். பொதுவான வட்டி 10 சதவீதம். 2023 முதல் ஒரு வரம்புக்கு உட்பட்ட தனிநபர் கடன்களுக்கும் மருத்துவக் கடன்களுக்கும் 5 சதவீதம்.

வட்டியைவிட உறுத்துவது ஜப்தி. கையில் தீர்ப்பு உள்ளவர் வங்கிக் கணக்கை முடக்கலாம், சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லலாம். மத்தியச் சட்டப்படி சாதாரணக் கடனுக்காகப் பிடிக்கும் தொகை, வரி முதலியன போக எஞ்சும் சம்பளத்தில் 25 சதவீதம், அல்லது குறைந்தபட்ச மணிக்கூலியான 7.25 டாலரின் 30 மடங்குக்கு, அதாவது வாரத்துக்கு 217.50 டாலருக்கு மேற்பட்ட தொகை, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. வாரம் 800 டாலர் பெறுபவரிடம் 200 டாலர் வரை பிடிக்கலாம். 250 டாலர் பெறுபவரிடம் 32.50 டாலர்தான். டெக்சாஸ், பென்சில்வேனியா, வட கரோலினா, தென் கரோலினா ஆகிய மாநிலங்கள் பெரும்பாலான நுகர்வோர் கடன்களுக்குச் சம்பளப் பிடித்தத்தையே அனுமதிப்பதில்லை. வேலை கொடுத்தவரின் சம்பளப் பிரிவுக்கு நீதிமன்ற ஆணை வந்து நிற்பதில் உள்ள தலைகுனிவு கிரெடிட் ஸ்கோரில் தெரியாத ஒன்று.

வீடு வாங்கவோ விற்கவோ போகும்போதுதான் நீதிமன்ற ஏடு முழு வடிவில் எதிரே வந்து நிற்கும். நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழ் எடுப்பதைப் போல அங்கே உரிமை ஆய்வு நிறுவனங்கள் மாவட்டப் பதிவகத்தைத் துழாவுகின்றன. தீர்ப்பு அங்கே பதிவாகியிருந்தால் அந்த மாவட்டத்தில் கடனாளிக்கு உள்ள நிலம், வீடு எல்லாவற்றின்மீதும் அது வில்லங்கமாக ஏறியிருக்கும். கிரெடிட் ரிப்போர்ட் பளிச்சென்று இருப்பது இங்கே உதவாது. வீட்டுக் கடன் விண்ணப்பப் படிவத்திலேயே ‘உங்களுக்கு எதிராகத் தீர்க்கப்படாத தீர்ப்பு ஏதேனும் உண்டா’ என்ற கேள்வி இருக்கிறது. ரிப்போர்ட்டில் இல்லையே என்று நினைத்து அதற்கு ‘இல்லை’ என்று எழுதுவது, தெரிந்தே பொய் சொன்ன மத்தியக் குற்றமாகக்கூட ஆகலாம். வங்கிகள் கொடுத்த வீட்டுக் கடன்களை விலைக்கு வாங்கும் நிறுவனமான ஃபேனி மே வாங்கிக்கொள்ளும் கடன்களில், நிலுவையிலுள்ள தீர்ப்பு கிரயம் முடிவதற்குள் கட்டப்பட்டாக வேண்டும். எஃப்எச்ஏ என்ற மத்திய வீட்டுவசதி அமைப்பு காப்பீடு தரும் கடன்களில் சற்று நெகிழ்வு உண்டு: கடனாளி தவணை ஒப்பந்தம் செய்து குறைந்தது மூன்று மாதம் உரிய நாளில் கட்டிவந்திருந்தால் போதும். மூன்று தவணைகளையும் ஒரே நாளில் சேர்த்துக் கட்டி அந்த நிபந்தனையைத் தாண்டிவிட முடியாது என்றும் அதே விதி முன்னெச்சரிக்கையாகச் சொல்லி வைத்திருக்கிறது.

ஆகவே பணம் கட்டுவதைப் போலவே, கட்டியது நீதிமன்ற ஏட்டில் ஏறுவதும் முக்கியம். காசோலை பணமான தேதியோ, வக்கீல் அலுவலகம் அனுப்பிய மின்னஞ்சலோ போதாது. தீர்ப்பு நிறைவேறியது என்ற ஒப்புகையைக் கடன்கொடுத்தவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கலிபோர்னியாவில் இதற்கு இஜே-100 என்ற படிவம் இருக்கிறது. முழுத் தொகை கிடைத்ததும் கடன்கொடுத்தவர் உடனே அதைத் தாக்கல் செய்யக் கடமைப்பட்டவர்; செய்யாவிட்டால் கடனாளி எழுத்துமூலம் கேட்கலாம்; கேட்ட 15 நாளுக்குள் நியாயமான காரணமின்றிச் செய்யத் தவறினால் நேர்ந்த நட்டத்தோடு 100 டாலர் தண்டமும் கட்ட நேரிடும். மாவட்டப் பதிவகத்தில் வில்லங்கம் ஏறியிருந்தால், சான்றளிக்கப்பட்ட நகலை அங்கேயும் பதிவு செய்ய வேண்டும், நீதிமன்றம் அதைத் தானே அனுப்பிவைக்காது. இந்திய வாசகர்களுக்கு இது புதிய தத்துவமில்லை. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளை, 2ஆம் விதியும் இதையே சொல்கிறது: டிக்ரித் தொகையை நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்துத் தீர்த்தால் அதை நீதிமன்றத்தில் சான்றுப்படுத்திப் பதிவு செய்ய வேண்டும், அப்படிப் பதிவாகாத பட்டுவாடாவை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் கொள்ளாது. டிக்ரிதாரரிடம் நம்பிக்கையாகக் கையில் பணம் கொடுத்துவிட்டு, பின்னர் நிறைவேற்று மனுவில் நோட்டீஸ் வாங்கிய குடும்பங்கள் நம் சிவில் கோர்ட்டு வளாகங்களில் அரிதல்ல.

முழுத் தொகையையும் கட்ட முடியாதவர்கள் குறைத்துப் பேசி முடிக்கலாம். தீர்ப்பு கையில் உள்ளவர்களும் பல நேரம் இதற்கு இணங்குகிறார்கள். அப்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. விட்டுக்கொடுக்கப்பட்ட தொகை 600 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் கடன்கொடுத்த நிறுவனம் 1099-சி படிவத்தை வரித்துறைக்கு அனுப்பக்கூடும். அந்தத் தொகை கடனாளியின் வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும், சொத்தைவிடக் கடன் மிகுந்த நிலையில் அவர் இருந்தார் என்று காட்டினால் அந்த அளவுக்கு விலக்குப் பெறலாம். மற்றொன்று, குறைந்த தொகைக்கு முழு நிறைவேற்ற ஒப்புகை தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் பணத்தைக் கொடுத்துவிட்டால், கொடுத்தது பகுதிப் பட்டுவாடாவாக வரவு வைக்கப்பட்டு மீதி வட்டியோடு நிற்கும்.

என் கணிப்பில், தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே வழக்குக் கட்டைப் பார்ப்பதுதான் அறிவுடைமை. பியூ அறக்கட்டளையின் 2020ஆம் ஆண்டு ஆய்வு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் விவரம் கிடைத்த நீதிமன்றங்களில் கடன் வசூல் வழக்குகளில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஒருதரப்புத் தீர்ப்பில் முடிந்ததாகக் கண்டது. கடனாளி வரவில்லை, மறுக்கவில்லை, வாதியின் கணக்கு சரிபார்க்கப்படாமலே தீர்ப்பாயிற்று. சம்மனே சேராத வழக்குகளும் இவற்றில் உண்டு. சம்மனைச் சாக்கடையில் போட்டுவிட்டுச் சேர்த்ததாகச் சத்தியப் பிரமாணம் செய்யும் ஆட்களைக் குறித்து ‘சாக்கடைச் சார்வு’ (சீவர் சர்வீஸ்) என்று ஒரு சொல்லே அந்நாட்டு வழக்குமன்றங்களில் புழங்குகிறது. சம்மன் முறையாகச் சேரவில்லை என்று நிறுவினால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். நிறைவேற்றப்பட்ட தீர்ப்பு, நிறைவேற்றப்பட்டது என்ற முத்திரையோடு ஏட்டில் நிற்கும். ரத்தான தீர்ப்பு சட்டத்தின் கண்ணில் இல்லாமலே போகும். தொகையைக் கட்டி முடித்துவிட்டு ரத்துக் கேட்டுப் போவதைவிட, ரத்துக்கான காரணம் கையில் இருக்கும்போது சமரசம் பேசுவது கடனாளிக்கு வலுவான நிலை.

இந்த வேறுபாடு ஏன் பொருட்படுத்தத்தக்கது என்றால், மூன்று நிறுவனங்கள் தீர்ப்புகளைக் கைவிட்டாலும் வேறு பலர் கைவிடவில்லை. லெக்ஸிஸ்நெக்ஸிஸ் போன்ற தகவல் நிறுவனங்கள் தீர்ப்புகளையும் வில்லங்கங்களையும் தனி அறிக்கையாகக் கடன் கொடுப்போருக்கு விற்கின்றன. வாடகை வீட்டுக்கு ஆள் பார்க்கும் நிறுவனங்களும் வேலைக்கு முன் பின்னணி விசாரிப்பவர்களும் நீதிமன்றப் பதிவுகளைத் தேடுகிறார்கள். அவர்களுக்கும் 605ஆம் பிரிவின் கால வரம்பு பொருந்தும். ஆனால் ஆண்டுச் சம்பளம் 75,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலை, 1,50,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட கடன் அல்லது ஆயுள் காப்பீடு ஆகியவற்றுக்காக எடுக்கப்படும் அறிக்கைகளுக்கு மத்தியச் சட்டம் அந்த வரம்பிலிருந்து விலக்களிக்கிறது. மென்பொருள் வேலையில் இருக்கும் நம்மவர் பலர் இந்த 75,000 டாலர் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறார்கள்.

லண்டனில் இருக்கும் உறவினர் சொல்லும் அறிவுரையை அமெரிக்காவிலும், நியூஜெர்சியில் இருக்கும் நண்பர் சொல்வதை லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் அப்படியே எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பத்தையும் இங்கே தெளிவாக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்ட்டி கோர்ட்டுத் தீர்ப்புகள், அங்கே சிசிஜே என்று சொல்லப்படுபவை, ரெஜிஸ்ட்ரி டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கும் பதிவேட்டில் ஆறு ஆண்டுகள் நிற்கின்றன; கடன் தகவல் நிறுவனங்கள் அங்கிருந்து அவற்றை இன்றும் எடுத்துக் காட்டுகின்றன. தீர்ப்பு வந்த ஒரு காலண்டர் மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் பதிவு அடியோடு நீக்கப்படும். அந்த மாதம் கழிந்து ஒரு நாள் பிந்திக் கட்டினாலும் ‘நிறைவேற்றப்பட்டது’ என்ற குறிப்போடு ஆறு ஆண்டுகளும் நிற்கும். வாடகை வீடு மாறியவரின் பழைய முகவரிக்கு நோட்டீஸ் போய், தமக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததே தெரியாமல் அந்த ஒரு மாதம் கழிந்துவிடுவது அங்கே வாடிக்கையான துயரம். அங்கே கட்டும் நாள் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அமெரிக்க அறிக்கையில் அந்த நாளுக்கு எந்தப் பொருளும் இல்லை.

அமெரிக்காவில் தொகையைக் கட்டியவர் ஓரிரு மாதம் கழித்து மூன்று நிறுவனங்களின் அறிக்கையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதிகாரபூர்வமான ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் தளத்தில் வாரந்தோறும் இலவசமாகவே கிடைக்கிறது. கலெக்‌ஷன் பதிவில் பாக்கி பூஜ்யமாகியிருக்கிறதா, முதல் தவறிய நாள் பழைய நாளாகவே இருக்கிறதா என்பவை பார்க்க வேண்டியவை. பாக்கி பூஜ்யமாகாமல் இருந்தாலோ அந்த நாள் மாறியிருந்தாலோ மறுப்புத் தெரிவிக்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் நிறுவனம் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். தீர்ப்பே அறிக்கையில் காணப்பட்டால் அதுவும் மறுக்க வேண்டிய பிழைதான். பணம் வாங்கிக்கொண்டு தீர்ப்பை ரிப்போர்ட்டிலிருந்து நீக்கித் தருவதாக விளம்பரம் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேலையை முடிப்பதற்கு முன்பே கட்டணம் வாங்குவதை 1996ஆம் ஆண்டின் கடன் சீரமைப்பு நிறுவனங்கள் சட்டம் தடை செய்கிறது. 2017இலேயே நீங்கிவிட்ட ஒன்றை நீக்கித் தர இப்போது வாங்கும் கட்டணத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதை அச்சட்டம் சொல்லவில்லை.